ஆஸ்திரித்தின் மூக்கு

மார்ச் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு ஆஸ்திரித் ஒரு கண்ணிவெடியின் மேல் நடந்து போனது.

வாலை ஆட்டிக்கொண்டே போனது. நல்லவேளையாக அது சோதனைத் திடல். அங்கே புதைத்திருந்த வெடிகளில் விசை இல்லை, மருந்து மட்டும்தான். நாய் அதை முகர்ந்ததும் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் பந்து கிடைக்கும். ஆறு வருடமாக ஆஸ்திரித் உட்கார்ந்து பந்து வாங்கியிருக்கிறது. அன்று உட்காரவில்லை.

தேர்வாளர் வின்கோ அட்டையில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"போச்சு," என்றார்.

கயிற்றின் மறுமுனையில் ஹம்தியா நின்றிருந்தார். ஐம்பத்து நான்கு வயது ஆள், அலமாரி போன்ற உடம்பு. ஆஸ்திரித்தை நடத்துகிறவர் அவர்தான்.

"உங்க மூஞ்சியப் பாத்து பயந்துட்டா. அதான்."

"வெடி என் மூஞ்சியிலயா இருந்துச்சு?"

"இருந்திருந்தா நானே மிதிச்சிருப்பேன்."

வின்கோ சிரிக்கவில்லை. தேர்வு நாளில் தேர்வாளர்கள் சிரிப்பதில்லை. முந்தின நாள் மாலை இருவரும் ஒரே மேசையில் பிளம் சாராயம் குடித்தவர்கள்.

கண்ணிவெடி தேடும் எங்கள் மையத்துக்குக் குளிர்காலத்தில் வேலை கிடையாது. மண் உறைந்துவிட்டால் வாசனை மேலே வராது. பனி உருகியதும் ஒவ்வொரு நாயும் தேர்வில் தேற வேண்டும். தேறினால் வெடி தேட வயலுக்கு. தேறாவிட்டால் ஏப்ரலில் இன்னொரு வாய்ப்பு. அதிலும் போனால் ஓய்வு.

ஓய்வு என்றால் நார்வே. ஆஸ்திரித் என்பது அங்கே ஒரு பல் மருத்துவரின் மனைவி பெயர். நாயை வாங்கப் பணம் கொடுத்த அந்த மருத்துவர், கூடவே மனைவியின் பெயரையும் கொடுத்துவிட்டார். நாய் ஓய்வு பெற்றால் தானே எடுத்துக்கொள்வதாக அப்போதே கையெழுத்துப் போட்டிருந்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அட்டை வரும். போன வருடம் ஒரு சோபாவின் படம் வந்தது. அதன் ஒரு மூலையில் சின்னப் போர்வை மடித்து வைத்திருந்தது. நாயின் இடம்.

ஹம்தியா அந்தப் படத்தை அலுவலகச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார். எங்கே வைத்தார் என்று யாரும் கேட்கவில்லை.

நாய் போனால் அவருக்கும் வேலை போகும். புது நாயைப் பழக்க ஒரு வருடம் ஆகும். அவர் வயதுக்கு யாரும் ஒரு வருடம் செலவழிக்க மாட்டார்கள். ஆனால் அவர் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அவளுக்கு நார்வேஜியன் தெரியாது," என்றார். அவ்வளவுதான்.

மையத்தின் தலைவர் ப்ரெத்ராக் ஆறுதல் சொல்லிப் பார்த்தார்.

"டேய், இந்த நாட்டுல பாதிப் பேரு நார்வே போக பர்மிட்டுக்கு வரிசையில நிக்கிறான். என் மச்சான் மூணு வருஷமா நிக்கிறான். அவளுக்கு சோபாவே ரெடியா இருக்கு. நீ ஏன்டா குறுக்க நிக்கிற?"

"உங்க மச்சான அனுப்புங்க தலைவரே. அவனுக்கும் மோப்பம் கிடையாது."

நான் அந்த மையத்தின் கால்நடை மருத்துவர். பெயர் முனெவெரா. பதினொரு நாய்கள், பதினொரு ஆண்கள். நாய்களைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

மதியம் ஹம்தியா ஆஸ்திரித்தோடு என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். நாய் மேசையில் தானே ஏறிப் படுத்தது.

"டாக்டரம்மா, ஏதாவது ஒரு நோய் எழுதுங்க."

"என்ன நோய்?"

"நல்லதா ஒண்ணு. லத்தீன்ல. தேர்வு அன்னைக்கு இருந்து, இப்ப சரியாப் போன மாதிரி."

"அப்படி எழுத முடியாது."

"சாகற மாதிரி வேணாம். பாதி."

"முதல்ல பாக்கிறேன். இருந்தா எழுதுறேன்."

பார்த்தேன். காய்ச்சல் இல்லை. ஈறு இளஞ்சிவப்பு. காது சுத்தம். பாதங்களில் வெடிப்பு இல்லை. நுரையீரலில் சத்தம் இல்லை. எடை மட்டும் கூடியிருந்தது.

"என்ன குடுக்கிறீங்க இவளுக்கு?"

"நீங்க எழுதிக் குடுத்ததுதான்."

ஆஸ்திரித் ஏப்பம் விட்டது. புகைபோட்ட மாட்டிறைச்சி வாடை.

"அது என் சட்டை நாத்தம்," என்றார் ஹம்தியா.

உண்ணிக் காய்ச்சலுக்காக இரத்தம் எடுத்தேன். ஊசி ஏறும்போது ஹம்தியா ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். போரில் இரண்டு முறை குண்டு பட்டவர். நாய்க்கு ஊசி போடுவதைப் பார்க்க மாட்டார்.

இரத்தத்தில் ஒன்றும் இல்லை. மறுநாள் முற்றத்தில் ஐந்து தகர டப்பாக்களைக் கவிழ்த்து வைத்தேன். ஒன்றின் கீழே மாட்டிறைச்சி. ஹம்தியாவின் சட்டைப் பையிலிருந்துதான் எடுத்தேன். ஆஸ்திரித் ஐந்தையும் முகர்ந்தது. என்னைப் பார்த்தது. ஆறாவது டப்பா எங்கே என்று கேட்பது போலப் பார்த்தது.

சுற்றி நின்ற ஆட்கள் கைதட்டினார்கள்.

"லஞ்சம் வாங்காத ஒரே அரசு ஊழியர்," என்றான் ஒருவன்.

"அதான் நாடு கடத்துறாங்க," என்றான் இன்னொருவன்.

ஹம்தியா டப்பாவைத் தூக்கி இறைச்சியை எடுத்தார். நாயின் வாயில் வைத்தார். அது மரியாதைக்குச் சாப்பிட்டது.

பழைய கொட்டகையிலிருந்து ஸேகோ என்ற கிழ நாயைக் கொண்டு வரச் சொன்னேன். ஸேகோவுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு கண் தெரியாது, இடுப்பு வலி. காவலுக்கு என்று பெயர், குரைத்து யாரும் கேட்டதில்லை. அது நேராக மூன்றாவது டப்பாவுக்குப் போய் அதை உருட்டித் தள்ளியது. அதன் கீழே இறைச்சி இல்லை, எடுத்தாகிவிட்டது. இறைச்சி இருந்த இடத்தை ஸேகோ நக்கியது. பிறகு ஹம்தியாவின் சட்டைப் பையைக் கிழித்தது.

அந்த வாரமே இன்னும் இரண்டு நாய்கள் தேர்வில் தோற்றன. மூன்றும் புதுக் கட்டடத்து நாய்கள். பழைய கொட்டகை போருக்கு முன்பு கோழிப் பண்ணை. பலகைக்குப் பலகை விரல் நுழையும் சந்து. அங்கிருந்த நாய்கள் எல்லாம் தேறிவிட்டன. புதுக் கட்டடம் நார்வேக்காரர்கள் கட்டியது. ஓடு போட்ட சுவர், சூடான தரை, சின்னச் சின்ன அறைகள். எங்களில் பலருடைய வீட்டைவிட நன்றாக இருக்கும்.

மூன்றாவது நாயும் தோற்ற மறுநாள் நான் இங்கே யாரும் செய்யாத ஒன்றைச் செய்தேன். காபி குடிக்காமல் வேலைக்குப் போனேன். இந்த மையத்தில் காபிக்கு முன்னால் யாரும் எதையும் திறப்பதில்லை. கதவையும், வாயையும். காபி முடிந்து எட்டு மணிக்குக் கதவைத் திறப்பார்கள், நாய்கள் வெளியே ஓடும், அதன் பிறகே நான் உள்ளே போவேன். அதற்குள் எல்லாம் காற்றில் போயிருக்கும்.

அன்று நானே கதவைத் திறந்தேன். கண் எரிந்தது. தொண்டை அடைத்தது. மூத்திர நெடி. இரவு முழுவதும் மூடி வைத்திருந்த ஆவி முகத்தில் அறைந்தது. நாய்கள் வாலை ஆட்டின. அவற்றுக்கு அது பழகிவிட்டது. அதுதான் பிரச்சினை.

தரையில் ஆட்டுத் தோல்கள் கிடந்தன. அறைக்கு அறை, கனமாக, ஈரமாக. ஒன்றைக் காலால் புரட்டினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

மேலே பார்த்தேன். கூரைக்குக் கீழே, எதிரெதிர்ச் சுவர்களில், நார்வேக்காரர்கள் வரிசையாகக் காற்றுத் துளைகள் வைத்திருந்தார்கள். ஒன்றில்கூட வெளிச்சம் இல்லை. ஸ்டூல் போட்டு ஏறி ஒன்றிலிருந்து அடைப்பை இழுத்தேன். இழுக்க இழுக்க வந்தது. பேனர். 'கண்ணிவெடி இல்லாத நாடு' என்று பெரிய எழுத்து, கீழே ஒரு வருடம். அந்த வருடம் எப்போதோ போய்விட்டது. நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த துளையில் ஒரு ஜமுக்காளம். அதற்கடுத்ததில் யாருடைய உள்பனியனோ.

காபி அறைக்குப் போனேன். பதினொரு பேரும் இருந்தார்கள். ஜன்னல்கள் மூடியிருந்தன. எல்லார் கையிலும் சிகரெட்.

பேனரை மேசைமேல் போட்டேன்.

"இத யாரு அடைச்சது?"

பதினொரு பேரும் சிகரெட் நுனியைப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் பேசினார்கள்.

"டாக்டரம்மா, எதிரெதிர்ல ஓட்ட வெச்சிருக்கானுங்க. உள்ள குறுக்குக் காத்து அடிக்குது."

"நாய்க்கு நிமோனியா வந்தா யாரு பொறுப்பு?"

"என் சித்தப்பா அப்படித்தான் போனாரு. பஸ்ல. ரெண்டு ஜன்னல் தெறந்திருந்துச்சு."

"உங்க சித்தப்பா போன பஸ் மரத்துல மோதுச்சுடா."

"காத்து அடிச்ச பிறகுதான் மோதுச்சு."

எங்கள் நாட்டில் மூன்று சமூகங்கள். மூன்று வரலாற்றுப் புத்தகங்கள். ஒரே நேரத்தில் மூன்று ஜனாதிபதிகள். மூன்றும் சண்டை இல்லாமல் ஒத்துக்கொள்வது ஒன்றைத்தான்: எதிரெதிரே இரண்டு ஜன்னலைத் திறந்தால் ஆள் காலி.

"அந்த ஆட்டுத் தோலு?" என்றேன்.

"அதுங்க பொம்பளப் பிள்ளைங்க," என்றார் ஹம்தியா. "கல்லுத் தரையில உக்காந்தா கர்ப்பப்பை என்னத்துக்கு ஆகும்?"

"தரை சூடா இருக்கு ஹம்தியா அண்ணே. உள்ளயே வெந்நீர்க் குழாய் ஓடுது. அதோட அவளுக்குக் கர்ப்பப்பையே கிடையாது. நான்தான் எடுத்தேன்."

"அதான் சொல்றேன். ஏற்கனவே பலவீனமா இருக்கா."

ப்ரெத்ராக் எழுந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"எப்ப அடைச்சீங்க? உண்மையச் சொல்லுங்க. வயல் வேலை நடக்கும்போதா? அப்ப நாம சுத்தம்னு எழுதிக் குடுத்த வயல் எல்லாம் என்ன ஆகும்?"

"இல்ல தலைவரே. முதல் பனி விழுந்த அன்னைக்கு. அதுக்கு மூணு வாரம் முன்னாடியே வேலை நின்னாச்சு."

"சத்தியமா?"

"என் சம்சாரம் மேல."

"பந்து மேல சொல்லு."

"பந்து மேல."

ப்ரெத்ராக் உட்கார்ந்து இன்னொரு சிகரெட் பற்ற வைத்தார். பந்தின் மேல் யாரும் பொய் சொல்வதில்லை.

நான் விளக்கினேன். மூத்திரம் ஆட்டுத் தோலில் ஊறி அமோனியா ஆவியாக எழும்புகிறது. போக வழி இல்லை. நாய் இரவு முழுவதும் அதையே முகர்கிறது. மூக்கின் உள்தோல் எரிந்து போகிறது. ஒரு மாதமாக வெங்காயம் நறுக்கிய மூக்கில் ரோஜாவை வைத்தால் என்ன தெரியும்?

"ஆறுமா?" என்றார் ஹம்தியா. முதல் முறையாகக் கிண்டல் இல்லாத குரல்.

"ஆறும். எப்பன்னு சொல்ல முடியாது. நல்ல காத்து வேணும்."

"ஏப்ரலுக்குள்ள?"

"தெரியாது."

நானும் கழுத்தில் சால்வை சுற்றிக்கொண்டுதான் இதையெல்லாம் சொன்னேன். காரில் இரண்டு ஜன்னலை ஒன்றாகத் திறக்க நானும் விடமாட்டேன். அமோனியாவைக் கல்லூரியில் படித்தேன், குறுக்குக் காற்றை அம்மாவிடம் படித்தேன். இரண்டும் ஒரே தலையில் இருக்கின்றன. சண்டை போடுவதில்லை.

அன்றே துளைகள் திறந்தன. தோல்களை எரித்தோம். மலையிலிருந்து வந்த காற்று கட்டடத்தின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. ஆட்கள் வாசலில் நின்று இழவு வீட்டைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். ஒருவன் தொப்பியைக் கழற்றினான். காற்று பட்டதும் போட்டுக்கொண்டான்.

ஹம்தியா தினமும் ஆஸ்திரித்தின் அறையில் போய் உட்கார்ந்தார். துளைக்கு நேரே, முதுகைக் காட்டி.

"என்ன பண்றீங்க அண்ணே?"

"மறைக்கல டாக்டரம்மா. சும்மா உக்காந்திருக்கேன்."

"நகருங்க. காத்து வரணும்."

"வருதே. முழுக்க என் மேலதான் வருது."

நான்காம் நாள் அவருடைய கழுத்து பிடித்துக்கொண்டது. இடப்பக்கம் திரும்பவே இல்லை. மையம் முழுவதும் திருவிழா. ஒவ்வொருவராக வந்து அவரை எனக்குக் காட்டினார்கள். கல்லூரியில் படித்ததை எல்லாம் அந்தக் கழுத்து பொய்யாக்கிவிட்டதாக அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது.

"அறிவியல் என்ன சொல்லுது டாக்டரம்மா?"

அறிவியல் ஒன்றும் சொல்லவில்லை. குதிரைத் தைலத்தை எடுத்துத் தேய்த்துவிட்டேன். நாய்க்கு நாற்றம் படக்கூடாது என்று அவர் கதவுக்கு வெளியே நின்றார். ஆஸ்திரித் உள்ளே உட்கார்ந்து தும்மியது. அவருக்கு அது சந்தோஷமாக இருந்தது.

"பாத்தீங்களா? அவளுக்குத் தெரியுது."

எனக்கும் சந்தோஷம்தான். காட்டிக்கொள்ளவில்லை. டப்பாக்களை மறுபடி வைத்தோம். முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாவது வாரம் இரண்டு முறை சரி, மூன்று முறை தவறு. பிறகு ஒரு காலை ஐந்துக்கு ஐந்து. அடுத்த நாள் ஐந்துக்கு இரண்டு. ஹம்தியா இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டார் என்று அவர் மனைவி தொலைபேசியில் சொன்னார். இறைச்சியெல்லாம் டப்பாவுக்குப் போகிறதாம்.

தேர்வு நாளுக்கு முன் நான் சான்று எழுத வேண்டியிருந்தது. மூக்கின் உள்தோல் ஆறியிருந்தது. அதை எழுதினேன். மோப்பம் திரும்பிவிட்டதா என்று ஒரு கேள்வி இருந்தது. 'தேர்வில் தெரியும்' என்று எழுதினேன்.

ஏப்ரலில் மழை விட்ட ஒரு காலை. புல் நனைந்திருந்தது, காற்று மெல்ல வந்தது. முகர்வதற்கு அதைவிட நல்ல நாள் அமையாது. வின்கோ அட்டையோடு நின்றார். அட்டையில் திடலின் வரைபடம், மூன்று புள்ளிகள். மூன்றையும் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு முறை உட்கார்ந்தால் மன்னிப்பு. இரண்டாவது முறை உட்கார்ந்தால் தோல்வி.

ஹம்தியாவின் கழுத்து இன்னும் சரியாகவில்லை. நாயைப் பார்க்க உடம்பையே திருப்பினார், கிரேன் போல.

"என்னய்யா ஆச்சு?" என்றார் வின்கோ.

"குறுக்குக் காத்து."

வின்கோ தலையை ஆட்டினார். சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஆஸ்திரித் மூக்கைத் தரையில் வைத்தது. எட்டு வரிகளாகப் பிரித்த திடலில் முதல் வரியில் ஒன்றுமில்லை. இரண்டாவது வரியில் பாதி போய் நின்றது, திரும்பியது, உட்கார்ந்தது. வின்கோ ஒரு டிக் போட்டார். ஹம்தியா பந்தை எறிந்தார். கழுத்து திரும்பாததால் பந்து வேலியைத் தாண்டிப் போனது. ப்ரெத்ராக் ஓடிப்போய் எடுத்து வந்தார்.

நான்காவது வரியில் ஒரு டிக். ஐந்தாவதில் ஒன்றுமில்லாத இடத்தில் உட்கார்ந்தது. வின்கோ தலையை ஆட்டினார். மன்னிப்பு முடிந்தது.

"அங்க நேத்து எவனோ ஒண்ணுக்குப் போயிருக்கான்," என்றார் ஹம்தியா.

"பேசக்கூடாது."

"உங்ககிட்ட பேசல. மண்ணுகிட்ட பேசறேன்."

ஏழாவது வரியில் மூன்றாவது டிக். வேலியோரம் நின்ற ஆட்கள் கத்தத் தொடங்கினார்கள். நான் என்னை அறியாமல் ப்ரெத்ராக்கின் கையைப் பிடித்திருந்தேன். அவர் அதை விடுவித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். தூசி என்றார். மழை பெய்து ஓய்ந்த புல்வெளியில் தூசி.

ஒரே ஒரு வரி பாக்கி. அதில் ஒன்றும் புதைக்கவில்லை. சும்மா நடந்து முடித்தால் போதும்.

ஆஸ்திரித் பாதி தூரம் நடந்தது. நின்றது. மூக்கை இடப்பக்கம் கொண்டுபோனது, திரும்பக் கொண்டுவந்தது. காது இரண்டும் முன்னால் வந்தன. உட்கார்ந்தது.

கத்தல் நின்றது.

"வா மகளே," என்றார் ஹம்தியா மெதுவாக. "வா, போலாம்."

அது அசையவில்லை. தனக்கு முன்னால் ஒரு கை தூரத்தில் மண்ணையே பார்த்தது.

வின்கோ வரைபடத்தைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

"ஹம்தியா, படத்துல அங்க ஒண்ணும் இல்ல."

"அவ உக்காந்திருக்கா."

"தெரியுது. ஒண்ணும் இல்லாத இடத்துல ரெண்டாவது தடவ உக்காந்திருக்கா. சட்டம் தெரியுமில்ல?"

"அவ சும்மா உக்கார மாட்டா."

"முன்னாடி உக்காந்தாளே."

"அது மூத்திரம். இது வேற. அவ காதப் பாருங்க."

"காதுக்கு மார்க் கிடையாது." வின்கோ என் பக்கம் திரும்பினார். "டாக்டரம்மா, நீங்க சொல்லுங்க. மூக்கு சரியாயிடுச்சா இல்லையா?"

"மூக்கு சரியாத்தான் இருக்கு," என்றேன். "மண்ணப் பத்தி எனக்குத் தெரியாது."

"மண்ணப் பத்தி எனக்குத் தெரியும். போர் முடிஞ்ச வருஷம் இந்தத் திடல ரெண்டு தடவ அலசியாச்சு. நான் புதைச்சது மூணு. மூணுதான் இருக்கு."

அவர் பேனாவை அட்டையில் வைத்தார். இன்னும் எழுதவில்லை. ஹம்தியா கயிற்றை விடாமல் முழு உடம்பையும் அவர் பக்கம் திருப்பினார்.

"சரி வின்கோ. பேனாவ பையில போட்டுட்டு வாங்க. அவ மூக்குக்கு முன்னால, அந்த மண்ணு மேல, நீங்களே ஒரு தடவ நடந்துட்டுப் போங்களேன்?"